தொண்டு நிறுவனங்களை ஆராய்பவர்களுக்கு: கேள்வி – பதில்

தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்கள், அமைப்புகளின் செயல்பாடு ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

‘தமிழக ஊரக வளர்ச்சியில் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களின் பங்கு’ என்று தலைப்பு பதிவாகிவிட்டது. இப்போது கமிட்டியில் ‘ரொம்ப அகலம்’ என்கிறார்கள். எங்கே வெட்டுவது?
– முழுநேர ஆய்வாளர், திருச்சி

தலைப்பு அப்படியே இருக்கட்டும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும் நேரத்தில் அதைத் திருத்திக்கொள்ளப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. இப்போது வெட்ட வேண்டியது கேள்வியை. உங்கள் கேள்விக்கு விடை முன்பே தெரியும்: பங்கு இருக்கிறது. வேறு மாதிரி விடை வர வாய்ப்பே இல்லாத கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் அலைந்தாலும் 300 பக்க விவரணைதான் மிஞ்சும்.

மூன்று முடிவுகளை எடுங்கள். எதை அலகாக எண்ணப்போகிறீர்கள்: நிறுவனத்தையா, திட்டத்தையா, பயனாளியையா? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? எதை எதோடு ஒப்பிடுவது?

மகளிர் சுய உதவிக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது குழு அமைப்பது, பயிற்சி கொடுப்பது, கணக்கு எழுதப் பழக்குவது எல்லாம் தொண்டு நிறுவனங்களின் வேலையாக இருந்தது. பிற்பாடு ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் வந்தன. அந்த வேலையில் பெரும்பங்கு அவற்றின் கைக்கும் அரசு ஊழியர் கைக்கும் போனது. அப்படியானால், குழு வேலையை மட்டுமே நம்பியிருந்த நிறுவனங்கள் என்ன ஆயின? மூடினவா, வேறு துறைக்குத் தாவினவா, பெயருக்கு இருக்கின்றனவா? வேறு நிதியும் வைத்திருந்தவற்றோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? இரண்டு மாவட்டம், ஒரு காலகட்டம், ஏறக்குறைய 40 நிறுவனம் என்று வைத்தால் ஒருவர் செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

கேள்வியை உறுதி செய்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் எனக்குத் தெரிய வேண்டியது என்ன. இரண்டாவதில் அது எந்தக் காகிதத்தில் இருக்கும். மூன்றாவதில் அந்தக் காகிதத்தை யார், எதற்காக எழுதினார்கள், இப்போது யாரிடம் இருக்கிறது. பலர் மூன்றாவது பத்தியைப் போடுவதில்லை, பிறகு மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஆண்டறிக்கை நன்கொடையாளருக்காக எழுதப்பட்டது. தணிக்கைக் கணக்கு வருமான வரித் துறைக்காக. வருகைப் பதிவேடு மானியம் தரும் துறைக்காக. ஒரே நிறுவனத்தில் ‘500 குழந்தைகள்’ என்பது ஆண்டறிக்கையில் தொடங்கிய நாள் முதல் சேர்ந்தவர்களின் மொத்தமாக இருக்கும், பதிவேட்டில் அந்த மாதச் சராசரி 60-ஆக இருக்கும். இரண்டுமே பொய்யில்லை. எதை எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் சொல்லாவிட்டால்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சிக்கல்.

மாதிரி எடுக்க முழுப் பட்டியல் வேண்டும். என்.ஜி.ஓ. தர்ப்பண் தளத்திலிருந்து மாவட்டப் பட்டியலை இறக்கி, அதில் குலுக்கல் முறையில் 100 எடுத்தால் போதுமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

போதாது. நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண், நிறுவனங்கள் தாங்களே போய்ப் பதிந்துகொள்ளும் இடம். மத்திய அரசு மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அதன் அடையாள எண் தேவை, அதனால் பதிகிறார்கள். மானியம் கேட்காத, உள்ளூர்க் கொடையில் ஓடுகிற நிறுவனத்துக்கு அங்கே வர வேண்டிய அவசரம் இல்லை. ஆகவே குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அரசுப் பணத்தை நாடுகிறவர்களின் பக்கம் பட்டியல் முன்பே சாய்ந்திருக்கிறது.

இந்தியாவில் முழுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது, காரணம் சட்ட அமைப்பிலேயே இருக்கிறது. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். மாவட்டப் பதிவாளரிடம் கோப்பு இருக்கும். இலாப நோக்கற்ற கம்பெனி என்றால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த ஆவணங்களைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம். டிரஸ்ட்தான் கடினம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளுக்குத் தனிச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு, ஆண்டுக் கணக்கு அங்கே போகும். தமிழ்நாட்டில் அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. அறநிலையத் துறையின் வரம்பு வேறு. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும், அவ்வளவுதான். அசையாச் சொத்து சேராத டிரஸ்ட் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறுவதால் அதன் நகல் தரப்பாருக்குத்தான் கிடைக்கும். உங்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதற்காக எழுத்தரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

பட்டியல் எவ்வளவு பழுதாகும் என்பதற்கு அரசே எடுத்த கணக்கு சாட்சி. மத்தியப் புள்ளியியல் அமைப்பு 2008 வரை பதிவானவற்றை எண்ணியபோது 31 லட்சத்துக்கும் மேல் வந்தது. நேரில் தேடிப் போனபோது பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பதிவு சாவதில்லை, நிறுவனம் செத்துவிடும்.

செய்யக்கூடியது இது. ஒரு மாவட்டத்தை எடுங்கள். தர்ப்பண் பட்டியல், வெளிநாட்டு நன்கொடை அனுமதி பெற்றவை, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) அறிக்கைகளில் செயல்படுத்தும் நிறுவனம் என்று வருபவை, சமூக நலத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் அங்கீகரித்த இல்லங்கள், சிறப்புப் பள்ளிகள் என நான்கைந்து பட்டியல்களை ஒன்றாக்குங்கள். பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒரே அமைப்பு ஓரிடத்தில் ‘டிரஸ்ட்’, ஓரிடத்தில் ‘அறக்கட்டளை’, இன்னோரிடத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். பதிவு எண், பதிவான ஆண்டு, நிர்வாகி பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். முகவரியையும் நம்ப வேண்டாம், பலவற்றுக்கு அது ஆடிட்டர் அலுவலகம் அல்லது நிறுவனர் வீடு. பிறகு ஒவ்வொன்றுக்கும் போன் செய்யுங்கள். எத்தனை எடுக்கவில்லை, எத்தனை எண் தவறு, எத்தனை ‘இப்போது வேலை இல்லை’ என்றன, எத்தனை மறுத்தன என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பே ஆய்வேட்டில் ஒரு அட்டவணையாகும். தேர்வாளர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்களை 2012 முதல் 2024 வரை வருடவாரியாக ஆராய நினைக்கிறேன். தரவு கிடைக்குமா?
– பகுதிநேர ஆய்வாளர், மதுரை

தொடர்ச்சியாகக் கிடைக்காது. எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்.சி.-4 படிவத்தில் கணக்கு காட்ட வேண்டும். முன்பு இந்தக் கணக்குகளை உள்துறை அமைச்சகத் தளத்தில் யாரும் பார்க்கலாம். 2022 ஜூலையில் அவற்றையும், உரிமம் ரத்தானவற்றின் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் இறக்கி வைத்த ஆய்வாளர்கள், ஆய்வு நிறுவனங்களிடம் கேட்டுப் பார்க்கலாம். அல்லது நிறுவனங்களிடமே படிவ நகல் வாங்கலாம். இரண்டாவது வழியில், கொடுக்கச் சம்மதித்தவை மட்டுமே மாதிரியில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

தரவு கையில் இருந்தாலும் 2020 செப்டம்பர் 29 என்ற தேதியைத் தாண்டும்போது நிதானம் வேண்டும். அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குப் பகிர்வதைத் தடை செய்தது. அதற்கு முன் சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் 1 கோடி வாங்கி, அதில் 60 லட்சத்தைக் கிராமத்துச் சிறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் இருவருமே வரவு காட்டுவார்கள். கூட்டினால் 1 கோடியே 60 லட்சம். தடைக்குப் பின் அந்த இரட்டை எண்ணிக்கை நின்றுவிட்டது. ஆகவே மொத்தம் குறைந்ததாகத் தெரிந்தால், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் குறைந்ததா, கணக்கின் தோற்றம் குறைந்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உள்நாட்டு நிறுவனங்களுக்குள் நடந்த பணப் பகிர்வைக் கழித்த முதல் வரவை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் முன்னும் பின்னும் ஒப்பிட முடியும்.

நிர்வாகச் செலவும் அப்படியே. அதே திருத்தத்தில் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. ஆனால் மருத்துவமனை நடத்தும் அமைப்பில் டாக்டர் சம்பளமும், பள்ளி நடத்தும் அமைப்பில் ஆசிரியர் சம்பளமும் விதிப்படி நிர்வாகச் செலவில் சேராது. வரம்பு இறங்கியதும் எந்தச் சம்பளம் எந்தத் தலைப்பில் போகிறது என்பதும் மாறியிருக்கலாம். விகிதம் குறைந்ததைப் பார்த்து ‘சிக்கனம் கூடியது’ என்று எழுதிவிடாதீர்கள். சம்பளப் பட்டியலைக் கேளுங்கள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். செலவு பற்றிய தேசியத் தளத்தின் தரவை நம்பலாமா?
– எம்.பி.ஏ. முடித்த ஆய்வாளர், கோவை

எவ்வளவு செலவு, எந்தத் துறை என்பதற்கு நம்பலாம். எங்கே என்பதற்கு யோசிக்க வேண்டும். பெருந்தொகை ‘இந்தியா முழுதும்’ என்ற ஒரே வரியில் போய்விடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு மாநிலங்களை வரிசைப்படுத்தினால் வரிசையே பிசகும். நிறுவனர் குடும்ப அறக்கட்டளைக்குப் போனதா, வெளித் தொண்டு நிறுவனத்துக்குப் போனதா என்பது அந்தத் தளத்தில் சரியாகப் பிடிபடாது; கம்பெனியின் ஆண்டறிக்கை இணைப்பில் பாருங்கள். செயல்படுத்தும் நிறுவனங்கள் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்வது 2021 ஏப்ரல் 1 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பதிவு எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

‘ஏன் மானியம் நிறுத்தப்பட்டது’ என்று ஆர்.டி.ஐ. போட்டேன். ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரி பதில்.
– ஆய்வு மாணவர், சேலம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) 2(எஃப்) பிரிவு, அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தகவல் என்கிறது. காரணம் யோசித்து எழுதித் தர அதிகாரிக்குக் கடமை இல்லை. ‘ஏன்’, ‘எப்படி’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். ‘2017-18 முதல் 2022-23 வரை மானியம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் விடுவித்த தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் நகல், மானியத்தை நிறுத்திய கோப்பின் குறிப்புப் பக்க நகல்’ என்று கேளுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு பொருள். கட்டணம் 10 ரூபாய், அவகாசம் 30 நாள். பதில் வராவிட்டாலோ போதாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் வருடக்கணக்கில் இழுக்கலாம் என்பதால் ஆய்வின் முதுகெலும்பை ஆர்.டி.ஐ. மேல் வைக்காதீர்கள். பக்கம் நிறைய இருந்தால் நகலுக்குப் பதில் நேரில் பார்வையிட அனுமதி கேட்பது மலிவு.

அரசுப் பணத்தில் கணிசமாக ஓடும் தொண்டு நிறுவனமும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நீங்கள் பேட்டி எடுக்கப்போகும் நிறுவனத்துக்கே ஆர்.டி.ஐ. அனுப்பினால் அதன்பின் அங்கே தேநீர்கூடக் கிடைக்காது. மானியம் கொடுத்த துறையிடம் கேளுங்கள்.

இலங்கையில் தொண்டு நிறுவனங்கள் பற்றிய தகவலைப் பெற என்ன வழி? வடக்கில் போருக்குப் பிந்தைய அமைப்புகள் பற்றிச் செய்கிறேன்.
– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்

உங்கள் நிலை ஒரு விதத்தில் மேல். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதியளிக்கப்பட்டுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனத்தையும், அந்தச் சேவை பற்றிய தகவலளவில், பொது அதிகாரசபை என்கிறது. இந்தியச் சட்டத்தில் வெளிநாட்டு நிதிக்கு இப்படி ஒரு வாசகம் இல்லை. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பதிவைப் பொறுத்தவரை 1980-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசியச் செயலகத்தில் பதிந்தவற்றோடு நிற்காதீர்கள். 2007-ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருப்பவை, கிராம மட்டச் சங்கங்கள், கூட்டுறவுகள் எல்லாம் வேறு வேறு அலுவலகங்களில் இருக்கின்றன. மாவட்டச் செயலகத்திலிருந்து தொடங்குவது நல்லது.

அரசுத் திட்டம் ஒன்றுக்கு ஒதுக்கிய நிதியை வரைபடமாகப் போட்டேன். ‘எந்த எண்’ என்று நெறியாளர் கேட்கிறார். புரியவில்லை.
– ஆய்வாளர், தஞ்சாவூர்

ஒரு ஆண்டுக்கு மூன்று எண் உண்டு: வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. 2025-26 ஆவணத்தைத் திறந்தால் 2025-26-க்கு முதலாவதும், 2024-25-க்கு இரண்டாவதும், 2023-24-க்குக் கணக்கும் இருக்கும். உண்மையில் செலவான தொகை கணக்கு மட்டுமே. அது இரண்டு வருடம் தாமதமாக வரும். உங்கள் கோட்டில் கடைசி இரண்டு புள்ளிகள் மதிப்பீடாகவும் மற்றவை கணக்காகவும் இருந்தால், முடிவில் ஒரு பொய்யான ஏற்றமோ இறக்கமோ தெரியும்.

கூடவே அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஒவ்வொரு ஆண்டுக்கும் எடுத்து, திட்டத்தின் வாசகம் எப்போது மாறியது என்று பாருங்கள். அரசாணை எண்ணும் தேதியும் அங்கிருந்தே பிடிபடும். பழைய கோப்புகளில் வானவில், பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துரு இருந்தால் தேடுபொறி எதையும் காட்டாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

களப் பேட்டிகளில் நிறுவனத்தின் இயக்குநரும் கூடவே உட்கார்ந்துகொள்கிறார். ஊழியர்கள் வாயே திறப்பதில்லை.
– முழுநேர ஆய்வாளர், சென்னை

இயக்குநரை முதலில் பேட்டி எடுங்கள், நீளமாக. தன் பேச்சு பதிவாகிவிட்டது என்ற நிம்மதி வந்தபின் பலர் ஊழியரோடு உட்கார்வதில்லை. ஊழியர் பேட்டியை அலுவலகத்தில் வைக்காமல், கள வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலோ குழுக் கூட்டம் முடிந்த பிறகோ வையுங்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் தேடுங்கள். நிதி நின்றபோது என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், சொல்லவும் தயங்க மாட்டார்கள். ஆனால் மனக்கசப்போடு போனவர் சொன்னதை ஒரு காகிதத்தோடாவது ஒத்துப்பாருங்கள்.

பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். ‘தென் மாவட்டம் ஒன்றில் 1980-களில் தொடங்கிய, பெண் நிறுவனர் கொண்ட, மீனவர் நல அமைப்பு’ என்று எழுதினால் துறையில் இருப்பவர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தொடங்கிய ஆண்டைப் பத்தாண்டாக்குங்கள், மாவட்டத்தை மண்டலமாக்குங்கள், சர்ச்சையான மேற்கோளை வேறு அடையாளக் குறியின் கீழ் வையுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் வெளிவருவதைத் தடை செய்கிறது. நெறிமுறைக் குழு ஒப்புதலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அனுமதியும் களத்துக்குப் போகுமுன் கையில் இருக்கட்டும். பின்தேதியிட்ட ஒப்புதலை நல்ல இதழ் எதுவும் ஏற்காது.

ஒரு மணி நேரத் தமிழ்ப் பதிவை எழுத்தாக்கக் குறைந்தது ஐந்தாறு மணி ஆகும். 40 பேட்டி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சு வழக்கை அப்படியே எழுதி, தமிழிலேயே குறியிட்டு (கருத்துவாரியாகப் பிரித்து), மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்குங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு மாதத்தை இழக்கிறார்கள், தொனியையும் இழக்கிறார்கள்.

மேலைநாட்டுக் கோட்பாடு ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அது பொருந்துமா?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

பொருந்துமா என்பதைச் சோதிப்பதுதான் வேலை. முன்னுரையில் ஐந்து பெயரை அடுக்கிவிட்டு முடிவுரை வரை தொடாமல் விடுவது பயனற்றது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறப்புப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்கள் ஏன் உருவாகின்றன என்று விளக்கிய மேலைநாட்டு அறிஞர்கள் மூவர். வைஸ்ப்ராட் வழியில் பார்த்தால், பெரும்பான்மை வாக்காளர் கேட்காததை அரசு தராது, அதனால் தொண்டு நிறுவனம் வந்தது. ஹான்ஸ்மன் வழியில், தரத்தைப் பெற்றோரால் அளக்க முடியாத இடத்தில் இலாபம் பிரிக்காத அமைப்பை அவர்கள் நம்புகிறார்கள். சாலமன் தலைகீழாகத் தொடங்குவார்: தொண்டு முயற்சி முதலில் வந்தது, அதன் போதாமையால் அரசு மானியத்தோடு உள்ளே வந்தது. மூன்றும் ஒரே பள்ளியில் வேறு வேறு விஷயத்தை எதிர்பார்க்கச் சொல்கின்றன. கட்டணம் செலுத்தும் தனியார் பள்ளி பக்கத்திலேயே இருந்தும் பெற்றோர் எங்கே சேர்க்கிறார்கள்? மானியம் முதலில் வந்ததா, பள்ளி முதலில் வந்ததா? அதற்கு உங்கள் தரவு விடை சொல்லட்டும்.

பகுதிநேரம். எத்தனை வருடம் இழுக்கலாம்? கட்டுரை வெளியிடுவது கட்டாயமா?
– கல்லூரி ஆசிரியை, நாகர்கோவில்

2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடத் தளர்வு, மொத்தம் பத்தைத் தாண்டாமல். கட்டுரைக் கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டது, பல பல்கலைக்கழகங்கள் எடுக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழக விதியைப் பாருங்கள். யு.ஜி.சி. ஏற்றுக்கொண்ட இதழ்களின் கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டதால், பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சாகும் இதழ்களின் வலை இப்போது இன்னும் அகலம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நிறுவனத்திடம் காட்ட வேண்டுமா? நீக்கச் சொன்னால் என்ன செய்வது?
– ஆய்வு மாணவி, வேலூர்

அனுமதிக் கடிதம் வாங்கும் நாளிலேயே இதை எழுத்தில் முடித்துவிடுங்கள்: தேதி, தொகை, பெயர் போன்ற தகவல் பிழைகளைத் திருத்த அவர்களுக்கு இரண்டு வாரம், விளக்கத்தையும் முடிவையும் மாற்றும் உரிமை இல்லை, மறுப்பு இருந்தால் அடிக்குறிப்பில் சேர்ப்போம். அப்படி எழுதாமல் களத்துக்குப் போனவர், கடைசி மாதத்தில் வாய்மொழி அழுத்தத்துக்குப் பணிய வேண்டியிருக்கும். காட்டும்போது முழு ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். அந்த நிறுவனம் வரும் பகுதி மட்டும் போதும், மற்ற நிறுவனங்களின் பேச்சு அதில் இருக்கக் கூடாது. பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறிவிடும், ஊழியர்களும் நிதி கொடுப்பவர்களும் படிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைப் பேட்டி கொடுத்தவர்களுக்கு அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.